பேட்டரி தீர்ந்தால் எது ஓடும்? கே1000, ஏஇ-1, ஓஎம்-1, எஃப்எம்2: எந்தப் பழைய ஃபிலிம் கேமராவை வாங்குவது

பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்கினால் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்: பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1, ஒலிம்பஸ் ஓஎம்-1, நிக்கான் எஃப்எம்2. நான்கும் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் போடும் எஸ்எல்ஆர் கேமராக்கள், அதாவது லென்ஸ் வழியே வரும் காட்சியை ஒரு மிரர் மூலம் கண்ணுக்குக் காட்டுபவை. நான்கிலும் லென்ஸைக் கழற்றி மாற்றலாம்; ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் நான்கிலும் ஒரே வகை ரோலை ஓட்டி, நெகட்டிவ்களைக் கலந்து வைத்துவிட்டால் எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஃபிலிம் கேமராவின் உடல் வெளிச்சம் புகாத ஒரு பெட்டி, அதற்கு வேகமாகத் திறந்து மூடும் ஷட்டர் என்ற ஒரு கதவு, அவ்வளவுதான். படத்தின் குணம் லென்ஸிலும் ஃபிலிமிலும் இருக்கிறது.

அப்படியிருக்க இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? வயது இருக்கிறது. நான்கில் கடைசியாக உற்பத்தி நின்ற எஃப்எம்2-க்கே 2001-தான் கடைசி. கையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 40, 50 வருடம் பழையவை. கிரீஸ் இறுகியிருக்கும், பஞ்சு பிசினாகியிருக்கும், கம்பிகள் பச்சை பூத்திருக்கும். ஒவ்வொரு மாடலும் தனக்கே உரிய இடத்தில் பழுதாகிறது. அந்தப் பழுது உங்களால் சரிசெய்யக் கூடியதா, அதை வைத்துக்கொண்டே படம் எடுக்க முடியுமா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். கடையில் போடும் விலையும் இணையத்தில் இருக்கும் புகழும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள்

முதல் பிரிவினை இங்கேதான். கே1000, ஓஎம்-1, எஃப்எம்2 மூன்றும் முழு மெக்கானிக்கல் கேமராக்கள். ஷட்டரை ஓட்டுவது ஸ்பிரிங்கும் பல்சக்கரங்களும். பேட்டரி, வெளிச்சத்தை அளக்க உள்ளே இருக்கும் லைட் மீட்டருக்கு மட்டும். அது தீர்ந்தாலும், செத்தாலும், அதன் அறையே அரித்துப் போனாலும் எல்லா ஷட்டர் வேகங்களும் வேலை செய்யும். வெளிச்சத்தைப் போனில் அளந்துகொண்டோ, கண்ணால் கணித்தோ படம் எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

ஏஇ-1 அப்படியில்லை. 1976-இல் வந்த இது, நுண்செயலி வைத்த முதல் எஸ்எல்ஆர். ஷட்டரைப் பிடித்து வைப்பதும் விடுவிப்பதும் மின்காந்தம். 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி இல்லாவிட்டால் பட்டன் அழுந்தும், எதுவும் நடக்காது. புது பேட்டரி போட்டு ஒரு வருடம் ஓடும் என்பதால் அன்றாடத்தில் இது தொல்லையில்லை. பையில் ஒன்று உபரியாக இருந்தால் போதும். உண்மையான சிக்கல் வேறு. உள்ளே வளைந்து போகும் மெல்லிய சர்க்யூட் பலகை செத்தால் அதைச் செய்து கொடுக்க இன்று யாரும் இல்லை. இன்னொரு செத்த ஏஇ-1-இலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். மெக்கானிக்கல் கேமராவின் பல்சக்கரத்தைப் பழைய மெக்கானிக் ஒருவர் கழுவி, எண்ணெய் போட்டு, திரும்ப ஓட வைத்துவிடுவார்.

கே1000: குறைவாக இருப்பதே பலம்

1976 முதல் 1997 வரை உற்பத்தியான கேமரா. ஜப்பானில் தொடங்கி, பிறகு ஹாங்காங், கடைசியில் சீனா. பிற்கால உடல்களில் உலோகத்துக்குப் பதிலாகச் சில பாகங்கள் பிளாஸ்டிக் ஆயின. விலை ஒன்றாக இருந்தால் பழைய ஜப்பான் உடலை எடுங்கள். ஷட்டர் வேகம் 1 வினாடி முதல் 1/1000 வரை, கூடவே பி (பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருப்பது). துணித் திரை ஷட்டர், பக்கவாட்டில் ஓடுவது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் வலது ஓரத்தில் மீட்டரின் முள். அது நடுவில் நிற்கும்வரை வேகத்தையோ அபர்ச்சரையோ (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) திருப்ப வேண்டும். டைமர் இல்லை. ஆழப்புலத்தை (எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்பதை) முன்கூட்டிப் பார்க்கும் நெம்புகோல் இல்லை. எடை சுமார் 620 கிராம்.

இரண்டு குறைகளைத் தெரிந்து வாங்க வேண்டும். மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது. லென்ஸில் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்வரை எல்ஆர்44 பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். மூடி போட்டால்தான் ஓய்வு. மூடி தொலைந்த கே1000 சில வாரங்களில் பேட்டரியைத் தின்றுவிடும், வாங்கும்போது மூடியையும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஷட்டர் பட்டனுக்குப் பூட்டு இல்லை. ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்து வைத்துவிட்டுப் பைக்குள் போட்டால் உள்ளேயே ஒரு படம் போகும். படம் எடுக்கும் முன் இழுப்பது, எடுத்த பின் இழுக்காமல் விடுவது என்ற பழக்கம் வந்துவிட்டால் தீர்ந்தது.

"மாணவர்களின் கேமரா" என்ற பெயரால் கே1000-இன் விலை அதன் தகுதிக்கு மேலே போயிருக்கிறது. அதே கே மவுண்டில் (லென்ஸ் பூட்டும் வாய்) பென்டாக்ஸ் கேஎம் என்று ஒன்று உண்டு. கிட்டத்தட்ட அதே உடல், கூடவே டைமரும் ஆழப்புல முன்னோட்டமும். பெயர் தெரியாததால் பல இடங்களில் மலிவாகவே கிடைக்கிறது. சிறியதாக வேண்டுமென்றால் பென்டாக்ஸ் எம்எக்ஸ். அதுவும் முழு மெக்கானிக்கல்தான். கே1000-ஐத் தேடி வந்தவர் இந்த இரண்டில் ஒன்றோடு திரும்பினால் அவருக்கு நஷ்டம் எதுவுமில்லை.

ஏஇ-1: வேகம் நீங்கள், அபர்ச்சர் அது

லென்ஸ் வளையத்தை ஏ-வில் வைத்து, வேகத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தால் அபர்ச்சரைக் கேமரா போட்டுக்கொள்ளும். ஓடும் குழந்தை, கோயில் திருவிழாக் கூட்டம், மேடை: இப்படி நின்று அளந்து எடுக்க நேரமில்லாத இடங்களில் 1/250-இல் வைத்துவிட்டு ஃபோகஸை மட்டும் கவனிக்கலாம். நான்கில் இந்த வசதி இது ஒன்றில்தான்.

ஆனால் கையால் இயக்கும் முறையில் ஏஇ-1 சங்கடமானது. வியூஃபைண்டரில் தெரியும் முள் கேமரா பரிந்துரைக்கும் அபர்ச்சரைக் காட்டும். நீங்கள் வைத்திருப்பது என்ன என்பதைக் காட்டாது. எண்ணைப் படித்துவிட்டு, கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, வளையத்தைத் திருப்பி, மறுபடி தூக்க வேண்டும். வெளிச்சத்தைக் கையால் கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே ஃபிலிமுக்கு வருபவருக்கு இது தவறான ஆசிரியர்.

பட்டனை அழுத்தும்போது "க்ரீச்" என்று ஒரு கீச்சொலி கேட்டால், மிரரை மெதுவாக்கும் சிறிய பல்சக்கரங்களில் எண்ணெய் வற்றிவிட்டது என்று பொருள். கேனான் இருமல் என்று இதற்குப் பெயரே உண்டு. சரியான இடத்தில், ஊசி நுனியில், ஒரே ஒரு துளி கடிகார எண்ணெய் விட்டால் தீரும். துருநீக்கி ஸ்பிரேயை உள்ளே அடிப்பவர்கள் உண்டு; அது திரை, மிரர், ஃபோகஸ் கண்ணாடி என்று எல்லா இடத்துக்கும் பரவி, கேமராவை முடித்துவிடும். கீச்சொலியுடன் இருக்கும் உடலைச் சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். "அது அப்படித்தான் சத்தம் போடும்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். முன்பக்கத்துப் பேட்டரிக் கதவின் பிளாஸ்டிக் கொக்கியும் எளிதில் முறியும். மின்னும் மேல்மூடி முலாம் பூசிய பிளாஸ்டிக், எனவே விழுந்த அடி நெளிவாக இல்லாமல் விரிசலாகத் தெரியும்.

ஓஎம்-1: அழகு, அதோடு இரண்டு நோய்

யோஷிஹிசா மைத்தானி வடிவமைத்த கேமரா. 1972-இல் எம்-1 என்று வந்தது. லைக்கா நிறுவனம் ஆட்சேபித்ததால் அடுத்த ஆண்டு ஓஎம்-1 ஆனது. சுமார் 510 கிராம். வேக வளையம் மேலே இல்லாமல் லென்ஸைச் சுற்றியே இருப்பதால், கண்ணை எடுக்காமல் இடக்கையாலேயே வேகம், அபர்ச்சர், ஃபோகஸ் மூன்றையும் திருப்பலாம். வியூஃபைண்டர் 0.92 மடங்கு, காட்சியில் 97 சதவீதம்; மற்ற மூன்றும் 90-க்குச் சற்று மேலேதான். கண்ணாடி போட்டவர்கள் இந்த வித்தியாசத்தை முதல் பார்வையிலேயே உணர்வார்கள். ஃபோகஸ் செய்வதில் இதற்கு இணை மற்ற மூன்றிலும் இல்லை.

முதல் நோய் பிரிசத்தில், அதாவது காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடிக் கட்டியில். பிரிசத்துக்கும் மேல்மூடிக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் பஞ்சு, வருடக்கணக்கில் தார் போல உருகிப் பிரிசத்தின் வெள்ளிப் பூச்சை அரிக்கிறது. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்து வியூஃபைண்டரில் கண் வையுங்கள். கறுப்புக் கோடோ பழுப்புத் திட்டோ தெரிந்தால் பூச்சு போயிற்று. ஃபிலிமில் அது விழாது, ஆனால் ஓஎம்-1-ஐ வாங்குவதன் காரணமே அந்த வியூஃபைண்டர். அது கெட்ட உடலை வாங்குவதில் பொருளில்லை. கோடு இன்னும் வராத உடலிலும் மேல்மூடியைத் திறந்து அந்தப் பஞ்சை எடுத்துவிடச் சொல்லுங்கள். வந்த பிறகு பிரிசத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது நோய் பேட்டரி. மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. பாதரச பேட்டரிகள் தடை செய்யப்பட்டுவிட்டன. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் முள் இருக்கும் வெளிச்சத்தைவிட அதிகமாகக் காட்டும், படம் இருண்டு விழும். ஐஎஸ்ஓ எண்ணைக் (ஃபிலிமின் ஒளியுணர்வு அளவு) குறைத்து வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். ஆல்கலைனின் மின்னழுத்தம் நாளாக ஆக இறங்கிக்கொண்டே போவதால் இன்று சரியாக இருக்கும் திருத்தம் இரண்டு மாதத்தில் தவறாகிவிடும். சரியான வழிகள் மூன்று. காது மெஷினுக்குப் போடும் 675 துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு ரப்பர் வளையத்துக்குள் வைத்துப் போடுவது: சுமார் 1.4 வோல்ட், மிக மலிவு, ஆனால் ஸ்டிக்கரை உரித்த நாளிலிருந்தே அது வறண்டுகொண்டு வரும், சில வாரம் அல்லது சில மாதம்தான். அல்லது மின்னழுத்தத்தைக் குறைக்கும் டயோடு வைத்த அடாப்டருக்குள் சில்வர் ஆக்சைடு எஸ்ஆர்44. அல்லது சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே உள்ளே டயோடு வைத்து மீட்டரைத் திருத்தி வாங்குவது. ஒருமுறை செலவு, பிறகு நிம்மதி. மீட்டருக்குத் தனி ஸ்விட்ச் உண்டு, அணைக்க மறக்காதீர்கள்.

இன்னொரு சிறு விஷயம்: ஃபிளாஷ் வைக்கும் ஷூ ஓஎம்-1-இல் தனியே திருகிப் போடுவது. அந்தப் பிளாஸ்டிக் பெரும்பாலும் விரிசல் விட்டிருக்கும், அல்லது காணாமல் போயிருக்கும்.

எஃப்எம்2: சூரியனுக்கு ஏற்ற ஷட்டர்

1982-இல் வந்தது. செங்குத்தாக ஓடும் உலோக இதழ் ஷட்டர், உச்ச வேகம் 1/4000, அதுவும் பேட்டரியே இல்லாமல். முதல் பதிப்பில் ஃபிளாஷ் ஒத்திசைவு (ஃபிளாஷோடு ஓடக்கூடிய உச்ச வேகம்) 1/200. பின்னால் வந்த எஃப்எம்2என்-இல் 1/250. எது எது என்று தெரிய உடலின் வரிசை எண்ணைப் பாருங்கள், என் என்ற எழுத்தில் தொடங்கினால் பிந்தையது. தேன்கூடு வடிவம் பதித்த இதழ்கள் டைட்டானியம், வழவழப்பானவை அலுமினியம். இரண்டும் நன்றாகவே ஓடும். தேன்கூட்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

உச்ச வேகம் ஏன் முக்கியம் என்பதை நம் ஊர் வெயில் சொல்லும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப் 16-இல் (எஃப் எண் அபர்ச்சரின் அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிது) சுமார் 1/500 வேண்டும். எஃப் 11-இல் 1/1000. மற்ற மூன்று கேமராவிலும் கதை அங்கேயே முடிகிறது. பின்னணியை மங்கலாக்க எஃப் 5.6-க்குத் திறக்க நினைத்தால் 1/4000 வேண்டும், அதை எஃப்எம்2 மட்டுமே தரும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் போட்டால் மற்ற மூன்றும் எஃப் 5.6 வரை, எஃப்எம்2 எஃப் 2.8 வரை. பழைய துணித் திரையின் 1/1000 வயதானபின் அந்த வேகத்தை எட்டாமலும் போகும். கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், ஸ்லைடு ஃபிலிம் அரை ஸ்டாப்பைக்கூட மன்னிக்காது. மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று வாங்கினால் மற்ற கேமராக்களுக்கும் இந்தக் குறை தீரும். ஃபில்டர் அளவு பென்டாக்ஸ், ஒலிம்பஸின் வழக்கமான 50 மில்லிமீட்டர் லென்ஸ்களுக்கு 49 மில்லிமீட்டர், நிக்கானுக்கு 52.

ஃபிளாஷிலும் இதே கணக்கு. வெயிலில் முகத்து நிழலை நிரப்ப ஃபிளாஷ் போடுகிறீர்கள், ஐஎஸ்ஓ 100, ஃபிளாஷின் வழிகாட்டி எண் 28 (இதை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீட்டரில்). 1/60-இல் ஒத்திசையும் கே1000, ஏஇ-1, ஓஎம்-1 மூன்றிலும் எஃப் 22 வைக்க வேண்டும், ஃபிளாஷ் எட்டும் தூரம் 1.3 மீட்டர்கூட இல்லை. எஃப்எம்2என்-இல் 1/250, எஃப் 11, இரண்டரை மீட்டர். கல்யாண மண்டப வாசலில் நிற்கும் குடும்பம் முழுவதையும் எடுக்க இந்த வித்தியாசம் போதும்.

மீட்டர் முள் இல்லை, சிவப்பு எல்இடி: கூட்டல், வட்டம், கழித்தல். மங்கிய அறையில் கே1000-இன் கறுப்பு முள் இருட்டோடு கலந்துவிடும், இது தெரியும். மீட்டரை எழுப்ப விண்ட் லீவரைச் சற்று வெளியே இழுத்து வைக்க வேண்டும். இடது கண்ணால் பார்ப்பவருக்கு அந்த லீவர் நெற்றியில் குத்தும். சின்ன விஷயம் போலத் தோன்றும். இடக்கண்காரர்கள் வாங்குமுன் ஒருமுறை முகத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

குறை என்றால் விலை. நான்கில் பொதுவாக இதுதான் அதிகம். பணம் எட்டாவிட்டால் 1977-இல் வந்த எஃப்எம் இருக்கிறது: 1/1000, ஒத்திசைவு 1/125, அதே உறுதி. கூடுதலாக, 1977-க்கு முந்தைய பழைய நிக்கார் (நிக்கானின்) லென்ஸ்களைப் போட மடங்கும் கொக்கியும் அதில் உண்டு. எஃப்எம்2-இல் அந்தக் கொக்கி மடங்காது. திருத்தப்படாத பழைய லென்ஸை அழுத்திப் பூட்டினால் உடைந்துவிடும். தானியங்கி வசதி வேண்டுவோருக்கு 1978-இன் எஃப்இ. அபர்ச்சரை நீங்கள் வைத்தால் வேகத்தை அது போடும், பேட்டரி செத்தாலும் 1/90-இலும் பி-யிலும் ஓடும். ஏஇ-1 வாங்க நினைப்பவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் பொருத்தமானது எஃப்இ.

லென்ஸ் எங்கே போகும்?

உடல் ஒருநாள் சாகும், லென்ஸ் இருக்கும். அந்த லென்ஸ் அடுத்து எந்த உடலில் ஏறும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலிருந்தும் பென்டாக்ஸின் கே மவுண்ட் 1975-இலிருந்தும் தொடர்பவை. 1977-க்கு முந்தைய, திருத்தப்படாத நிக்கார்களைத் தவிர்த்தால் பழைய லென்ஸ்கள் பெரும்பாலும் அவரவர் டிஜிட்டல் எஸ்எல்ஆரிலும் ஏறும், சில உடல்களில் மீட்டர் வேலை செய்யாது. எதிர்த்திசையில் கவனம் தேவை: அபர்ச்சர் வளையம் இல்லாத புது லென்ஸ்கள் பழைய உடலில் உபயோகப்படாது. கேனான் 1987-இல், ஏஇ-1-இல் இருக்கும் எஃப்டி மவுண்டைக் கைவிட்டது. எஃப்டி லென்ஸின் பின்புறத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையேயான தூரம் 42 மில்லிமீட்டர், புதிய ஈஎஃப்-இல் 44. அந்த இரண்டு மில்லிமீட்டரால், நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தொலைவில் ஃபோகஸ் ஆகாது. மிரர்லெஸ் கேமராவில் நான்கு குடும்பமும் எளிதாக ஏறும். இந்த ஒரு காரணத்துக்காகவே எஃப்டி 50 எஃப் 1.4 போன்றவற்றை இன்றைக்கும் தேடுகிறார்கள்.

கடையில், கையில் எடுத்தவுடன்

பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, 1 வினாடியில் ஓட்டுங்கள். "டர்ர்ர்" என்று சீராக ஓடி நிற்க வேண்டும். நடுவில் தயங்கினாலோ நின்றுவிட்டாலோ மெதுவேகப் பற்களில் கிரீஸ் இறுகியிருக்கிறது. சுத்தம் செய்தால் போகும், விலையில் கழியுங்கள். பிறகு 1/2, 1/4, 1/8 என ஏறிக்கொண்டே போங்கள். போனில் விநாடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால் 1/15-இல் திறந்திருக்கும் ஷட்டர் சுமார் 16 சட்டங்களில் தெரியும், 1/60-இல் 4. அதற்கு மேல் அந்தக் கணக்கு உதவாது. உச்ச வேகத்துக்குப் பிரகாசமான வெள்ளைத் திரையை நோக்கி, பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே பலமுறை அடியுங்கள். சட்டம் முழுக்க வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு ஓரம் எப்போதும் இருட்டாக இருந்தால் இரண்டாவது திரை முதல் திரையைத் துரத்திப் பிடிக்கிறது. பாதிப் படம் கறுப்பாகும்.

துணித் திரை உள்ளவற்றில் லென்ஸ் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஊசித்துளை இருந்தால் நட்சத்திரம் போலத் தெரியும். கதவோரப் பள்ளங்களில் இருக்கும் பஞ்சை விரலால் தொடுங்கள், பிசின் போல ஒட்டினால் மாற்ற வேண்டும். இதற்குப் பயப்பட வேண்டாம், நான்கிலும் வரும், வீட்டிலேயே செய்யலாம். ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட மூங்கில் குச்சியால் பழையதைச் சுரண்டி எடுத்து, புதிய கறுப்பு ஃபோம் ஒட்டுவது. பள்ளத்துக்குப் பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர், கீல் பக்கம் 2, மிரர் மோதும் இடத்தில் 2 முதல் 3. சுரண்டும்போது துகள் ஷட்டர் திரையில் விழாமல் காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள். மிரரையோ ஃபோகஸ் கண்ணாடியையோ ஆல்கஹாலால் துடைக்கவே கூடாது.

பேட்டரி அறையில் வெள்ளை, பச்சைப் பொடி இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹால். மேலோட்டமாக இருந்தால் தீர்ந்துவிடும். கம்பி வழியாக உள்ளே ஏறியிருந்தால், மெக்கானிக்கல் கேமராவில் போவது மீட்டர் மட்டும், ஏஇ-1-இல் கேமராவே.

மீட்டரை ஒரே இடத்தில் சோதித்தால் போதாது. வெயில் படும் சுவர், நிழல், அறைக்குள் என்று மூன்று வெளிச்சத்தில் போன் செயலியோடு ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே ஸ்டாப் அளவுக்குத் தள்ளிக் காட்டினால் ஐஎஸ்ஓ எண்ணை மாற்றிவைத்து வாழலாம். வெயிலில் சரி, நிழலில் தவறு என்றால் உணர்கருவி தளர்ந்துவிட்டது. கே1000, ஓஎம்-1 இரண்டிலும் இருக்கும் கேட்மியம் சல்பைடு செல் இந்த நோய்க்கு அதிகம் ஆளாகும். ஏஇ-1, எஃப்எம்2-இல் சிலிக்கான்.

லென்ஸில் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். தூசி பரவாயில்லை. வேர் போல், சிலந்தி வலை போல் கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை. முன்கண்ணாடி ஓரத்தில் சிறு புள்ளி என்றால் படத்தில் தெரியாது, ஆனால் நடுக்கண்ணாடிகளில் பரவியிருந்தால் விட்டுவிடுங்கள். அபர்ச்சர் நெம்புகோலைத் தள்ளிவிட்டால் இதழ்கள் பட்டென்று மூடித் திறக்க வேண்டும். எண்ணெய் கசிந்து சோம்பினால் ஷட்டர் திறக்கும் நேரத்துக்குள் அவை மூடாது, எல்லாப் படமும் வெளுத்துவிடும்.

எதை எடுப்பது

ஒரே கேமரா, பல வருடம், வெயிலில் நிறையப் படம் என்றால் எஃப்எம்2என். பணம் குறைவென்றால் தயங்காமல் எஃப்எம். வெளிச்சத்தை அடிப்படையிலிருந்து கற்க விரும்புகிறவருக்கு பென்டாக்ஸ், அதிலும் கே1000-க்கு முன் கேஎம்-ஐத் தேடுங்கள். பயணத்துக்கும், ஃபோகஸ் செய்வதே சுகமாக இருக்க வேண்டும் என்பவருக்கும் ஓஎம்-1, பிரிசமும் மீட்டரும் சரிசெய்யப்பட்டதாக மட்டும். ஏஇ-1-ஐ முதல் கேமராவாகப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. கண்ணெதிரே ஓடும் ஒன்று, அண்மையில் எடுத்த ரோலோடு, நியாய விலைக்குக் கிடைத்தால் இரண்டாவது கேமராவாக நல்ல துணை.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று ஊர்களில் எதை வாங்கினாலும் எதிரி ஒன்றுதான்: பூஞ்சை. பழைய தோல் உறை பார்க்க அழகு, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கேமராவுக்கு ஊட்டும். உறையைத் தனியே வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். 60-ஐத் தாண்டிப் பல நாள் கிடந்தால் பூஞ்சைக்கு அது போதும். மூன்று மாதத்துக்கு மேல் எடுக்காமல் வைப்பதென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டுங்கள்.

முதல் ரோலுக்குப் புது ஃபிலிம் போடுங்கள், 200 அல்லது 400. உதகையில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், இந்து (Indu) என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் செய்து விற்றது. அதன் காலாவதியான ரோல் எங்காவது கிடைத்தால் ஆசையாக இருக்கும், ஆனால் அதைச் சோதனைக்குப் போடாதீர்கள். படம் மங்கினால் குற்றம் ஃபிலிமிலா கேமராவிலா என்று தெரியாது. ஒரு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் வேகம், அபர்ச்சர் எழுதுங்கள். ஒரே காட்சியை ஒவ்வொரு வேகத்திலும், அதற்கேற்ற அபர்ச்சரில், ஒவ்வொன்று எடுங்கள். லீவரை இழுக்கும்போது ரீவைண்ட் குமிழ் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் ஃபிலிம் ஏறவில்லை.

நெகட்டிவ் கழுவி வந்ததும் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன் நெகட்டிவைத் தூக்கிப் பிடியுங்கள், ஸ்கேனர் பல தவறுகளை மறைத்துவிடும். ஓரத் துளைகள் வரை பரவிய கறுப்புக் கீற்று இருந்தால் கதவுப் பஞ்சில் கசிவு. எல்லாச் சட்டத்திலும் அதே இடத்தில் கறுப்புப் புள்ளி என்றால் திரையில் ஊசித்துளை. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் எடுத்தது மட்டும் அடர்ந்தோ வெளிறியோ இருந்தால் ஷட்டர். எல்லாமே ஒரே அளவு வெளிறியிருந்தால் மீட்டர், அல்லது அதற்குள் இருக்கும் பேட்டரி. சட்டங்களுக்கு நடுவே இடைவெளி சீராக இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஃபிலிம் இழுக்கும் பற்சக்கரத்தில் பழுது. திருப்பிக் கொடுக்கும் அவகாசம் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.